இறங்காமல் நின்ற சத்தம்

நவம்பர் 3, திங்கள்

ஆபீஸில் எல்லாருக்கும் ஒரு மெயில் வந்திருக்கிறது. தினமும் நாட்குறிப்பு எழுதினால் மன அழுத்தம் குறையுமாம். வேலையைக் குறைத்தால் இன்னும் நன்றாகக் குறையும் என்று பதில் போடலாம் என்று பார்த்தேன். போகட்டும், எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்துவிட்டேன். கம்ப்யூட்டரில்தான் தட்டுகிறேன், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டு.

பெயர் அர்த்தநாரி. ஊர் கோயம்புத்தூர், வயது ஐம்பத்தாறு. காலேஜ் முடித்ததிலிருந்து புரோகிராம் எழுதுகிறேன். இப்போது இருக்கும் கம்பெனியில் இரத்த வங்கிகளின் ஃபிரிட்ஜ்களைக் கவனித்துக்கொள்ளும் புரோகிராம் என் பொறுப்பு. உள்ளே சூடு ஏறினால் அதுவே டூட்டியில் இருப்பவருக்குப் போன் போடும். ஊர் ஊராக எத்தனையோ ஃபிரிட்ஜ், ஒவ்வொன்றிலும் யாரோ முகம் தெரியாதவருக்காக யாரோ கொடுத்த இரத்தம். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு மயிர் கூச்செறியும். பக்கத்தில் இருக்கும் பையன்களிடம் சொன்னால் "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

இன்று கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். டாக்டரம்மா சொன்னதை யாரிடமும் சொல்வதாக இல்லை, இங்கேயும் எழுதுவதாக இல்லை. கட்டம் போட்ட தாள் ஒன்றைக் காட்டி, "நடுவுல கோடெல்லாம் நேரா இருக்குதுங்களா?" என்றார். நெளிந்து கிடந்தது. அச்சு சரியில்லை என்றேன். "எல்லாருக்கும் இதே தாள்தானுங்க" என்றார். பிறகு நிறையப் பேசினார். ஓரப் பார்வை இருக்குமாம். போனது திரும்பாதாம். வண்டி ஓட்டக் கூடாதாம்.

கலாமணி கேட்டதற்கு, "கண்ணாடி மாத்தோணுமாம்" என்றேன். கலாமணி என் மனைவி, அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். பொய் சொன்னால் கண்டுபிடிப்பதுதான் அவளுக்குத் தொழிலே. நல்லவேளை, அதற்கு மேல் கேட்கவில்லை.

புரோகிராம் எழுத முடியாமல் போனால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இதைப் பற்றி இனி எழுதமாட்டேன்.

நவம்பர் 5, புதன்

வாசற்படிகளின் விளிம்பில் கலாமணி வெள்ளை பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறாள். பொங்கலுக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கிறது. எதற்கு என்றால், "சும்மாதானுங்" என்கிறாள்.

நவம்பர் 8, சனி

வாரத்துக்குத் தொண்ணூறு மணி நேரம் வேலை பார்க்க வேண்டும் என்று யாரோ ஒரு பெரிய முதலாளி பேசிய வீடியோவைத் தம்பி அனுப்பியிருந்தான். அந்த ஆள் கடைசியாக எப்போது ஒரு வரி புரோகிராம் எழுதினார் என்று கேட்க வேண்டும். நாலு மணி நேரம் ஒழுங்காக யோசித்தாலே இந்த வேலையில் பெரிய விஷயம். மீதி நேரமெல்லாம் மீட்டிங், அடுத்த மீட்டிங் எப்போது என்று பேசுவதற்கான மீட்டிங்.

ஆனால் இந்த ஏஐ சமாச்சாரம் வேறு. வேலை போய்விடும் என்று ஊரெல்லாம் அழுகிறார்கள், எங்கள் மாடியிலேயே போன மாதம் ஒரு வரிசை நாற்காலி காலியாகிவிட்டது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அதையும் மீறி, அடேயப்பா! நேற்று நான் இங்கிலீஷும் தமிழும் கலந்து, "போனை எடுக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போகணும்" என்று டைப் அடித்தேன். டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆறு பேர் சேர்ந்து ஒரு மாதம் செய்திருப்போம். அதில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் வேறு இருந்திருப்பார்கள். வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் டீம் தலைவி திவ்யபாரதிக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பு. முப்பத்திரண்டு வயது, படு கெட்டி.

"சார், தெனமும் இதைப் பார்த்து ஆச்சரியப்படறது நீங்க ஒருத்தர்தான்."

"நீங்க படறதில்லையே, அதுதான் அம்மணி எனக்கு ஆச்சரியம்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் எழுதியதும் நேராக வெளியே போகாது. டீமில் இரண்டு பேர் வரிவரியாகப் படித்து ஓகே போட வேண்டும். நடப்பது என்னவென்றால், பத்து வரி அனுப்பினால் இருபது குறை வரும், ஆயிரம் வரி அனுப்பினால் மறு நிமிடம் ஓகே வரும். நான் மட்டும்தான் உண்மையிலேயே எல்லாவற்றையும் படிக்கிற ஆள் என்று ஒரு பேர். அதனால் முதல் ஓகே என்னுடையது என்றால் இரண்டாவது ஓகே தானாக விழும். "அர்த்தநாரி சார் பார்த்துட்டாருன்னா கண்ணை மூடிட்டுப் போடலாம்" என்பாள் திவ்யபாரதி.

நவம்பர் 12, புதன்

டீயில் உப்பைப் போட்டுவிட்டேன். அதைக் குடித்தும் தொலைத்தேன், கலாமணி எதிரிலேயே உட்கார்ந்திருந்தாளே. சாயங்காலம் பார்த்தால் உப்பு டப்பாவைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறது. இவளுக்கு இப்போதெல்லாம் என்னென்னவோ தோன்றுகிறது.

பஸ்களில் இந்த விளக்கெழுத்து போர்டுகளைக் கண்டுபிடித்தவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும். காந்திபுரம் என்று ஏறினேன், பஸ் உக்கடம் போய்விட்டது. லிஃப்டில் யாரோ ஒரு பெண் "குட் மார்னிங்" என்றாள். பேசாமல் நின்றேன். அப்புறம் குரலை யோசித்தால் அது திவ்யபாரதி. பாவம், கோபித்துக்கொண்டாளோ என்னவோ.

நவம்பர் 14, வெள்ளி

இரத்த வங்கிகளிலிருந்து புகார் வந்திருக்கிறது. சூடு ஏறியது என்று ஒருமுறை போன் எடுத்த பிறகும் நிமிடத்துக்கு நிமிடம் போன் அடித்துக்கொண்டே இருக்கிறதாம், வேலை பார்க்க விடமாட்டேன் என்கிறதாம். நியாயம்தான். ஒருமுறை கூப்பிட்டால் பத்து நிமிடம் விட்டு, அப்புறமும் சூடு குறையவில்லை என்றால்தான் மறுபடி கூப்பிட வேண்டும் என்று திவ்யபாரதி ஏஐயிடம் சொல்லி எழுத வைத்திருக்கிறாள். நீளமான மாற்றம். அதற்கான சோதனைகளையும் அதுவே எழுதி, அதுவே ஓட்டி, எல்லாம் பாஸ் என்று காட்டியது. இருபத்து நாலாம் தேதி திங்கட்கிழமை எல்லா ஊர்களுக்கும் போகிறது.

படிக்க என்னிடம் வந்தது. எழுத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். திரை முழுக்க நாலைந்து எழுத்துத்தான் நின்றது, நடுவில் உள்ளது கரைந்துபோய்விட்டது. கழுத்தைச் சாய்த்து ஓரக் கண்ணால் கொஞ்சம் பார்த்தேன். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை தள்ளினேன். பக்கத்தில் இருந்தவன் பார்ப்பதுபோல் இருந்தது.

ஓகே போட்டேன். சரியாகத்தான் இருக்கும்.

நவம்பர் 15, சனி

காலையில் நான் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது கலாமணி பின்னால் வந்து நின்றாள்.

"ஏனுங், என் மூஞ்சி தெரியுதுங்களா உங்களுக்கு?"

கண்ணாடியில் அவள் புடவை தெரிந்தது. காதோரம் முடி தெரிந்தது. நடுவில் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

"இல்ல கலாமணி" என்றேன்.

"எனக்கு ஆயுத பூஜையப்பவே தெரியுமுங். சாமி படத்துக்குப் பொட்டு வெக்கச் சொன்னா செவுத்துக்கு வெச்சீங்க. நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

"அப்பறம் எதுக்கு ஒண்ணுமே கேக்காம படிக்கு பெயிண்ட் அடிச்சுட்டுத் திரிஞ்ச?"

"கேட்டா அச்சு சரியில்லன்னுதான் சொல்லுவீங்க" என்றாள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருக்கிறாள், ராட்சசி. முகத்தில் சோப்போடு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். பிறகு, "ரவிக்கையெல்லாம் சோப்பு" என்று திட்டினாள்.

நவம்பர் 16, ஞாயிறு

கலாமணியிடம் படித்த பெண் ஒருத்தி, ஜெசிந்தா. பிறவியிலேயே பார்வை கிடையாது. அட்டையில் கம்பளி நூலை ஒட்டி அவளுக்கு முக்கோணமும் வட்டமும் சொல்லிக் கொடுத்த கதையைக் கலாமணி நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அந்த ஜெசிந்தா இப்போது சாஃப்ட்வேர் எழுதுகிறாள், போத்தனூரில் வீட்டிலிருந்தே வேலை. "வாங்க போலாம்" என்றாள் கலாமணி. நான் மாட்டேன் என்றேன். அதெல்லாம் கண் தெரியாதவர்களுக்கு, எனக்கெதற்கு என்றேன். கலாமணி பாட்டுக்கு ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

போனோம். நல்லவேளை போனோம்!

ஜெசிந்தா ஹெட்ஃபோனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினாள். எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம். மெஷின் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன்.

"இது என்ன அம்மணி?"

"மெயில் சார். ஸ்கிரீன்ல இருக்கறத இது படிச்சுச் சொல்லும். என் மேனேஜர் லீவு தரமாட்டேங்கறாரு, அதான் இப்ப படிச்சேன்."

"இதுல லீவு எங்க வந்துச்சு? எனக்கு ஒரு எழுத்துகூட வெளங்கலையே!"

"உங்களுக்கு இன்னும் காது தொறக்கல சார்" என்று சிரித்தாள். பிறகு வேகத்தைக் குறைத்துக் குறைத்து, சின்னக் குழந்தைக்குச் சொல்கிற வேகத்துக்குக் கொண்டுவந்தாள். ஆமாம், மேனேஜர், லீவு. அவ்வளவையும் அந்தக் கடுகுப் பொரியலில் கேட்டிருக்கிறாள்! நான் கண்ணால் படிப்பதைவிட மூன்று மடங்கு வேகம் இருக்கும். எத்தனையோ புத்திசாலிகளோடு வேலை பார்த்திருக்கிறேன், யாரைக் கண்டும் இப்படி மலைத்துப்போனதில்லை.

அப்புறம் ஒரு புரோகிராமை ஓடவிட்டாள். நாங்கள் எழுதும் மொழியில் ஒரு வரி எவ்வளவு உள்தள்ளி இருக்கிறது என்பதற்குப் பொருள் உண்டு. 'மழை பெய்தால்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே உள்ளே தள்ளி 'குடை எடு', மறுபடி வெளியே வந்து 'கடைக்குப் போ'. உள்ளே தள்ளியது மழை பெய்தால் மட்டும், வெளியே இருப்பது எப்போதும். கண்ணுக்கு அது வெறும் இடைவெளி. ஜெசிந்தாவின் கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரிக்கு முன்னும் ஒரு ஆர்மோனியக் கட்டையை அழுத்தியதுபோல் 'பீ' என்கிறது. வரி உள்ளே போகப் போக அந்தச் சத்தம் மேலே ஏறுகிறது, வெளியே வந்தால் இறங்குகிறது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. புரோகிராமுக்கு இப்படி ஒரு உருவம் இருக்கிறதா? மறுபடி ஓடவிடச் சொன்னேன்.

"இத்தன நாள் இது தெரியாமயே குப்பை கொட்டிட்டேனே" என்றேன்.

"கொட்டுன குப்பையை இனிமே கேளுங்க" என்றாள். நல்ல வாய்.

நவம்பர் 17, திங்கள்

ஜெசிந்தா வைத்திருக்கும், திரையைப் படித்துச் சொல்லும் அந்த ஸ்கிரீன் ரீடர் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஏறிவிட்டது. காசு கிடையாது, யாரோ புண்ணியவான்கள் எழுதி உலகத்துக்கே இனாமாகக் கொடுத்திருக்கிறார்கள். தமிழையும் படிக்கிறது. 'பழம்' என்பதை மட்டும் ஒரு மாதிரி சொல்கிறது. அது பரவாயில்லை, டிவியில் செய்தி வாசிப்பவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நவம்பர் 19, புதன்

தலைவலி. வேகத்தை ஒரு படி கூட்டினால் பாதி புரிகிறது, இரண்டு படி கூட்டினால் கடுகு. ஆபீஸில் யாருக்கும் இன்னும் தெரியாது. கழுத்துச் சுளுக்கு என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்து உட்கார்ந்துகொள்கிறேன்.

நவம்பர் 20, வியாழன்

நான் எப்போதோ எழுதிய ஒரு பழைய புரோகிராமைக் கேட்டேன். கண்ணால் படித்தபோதெல்லாம் அது தங்கமாகத் தெரிந்தது. காதில் விழுந்தால் நான் உள்ளே வைத்த பெயர்களெல்லாம் "எக்ஸ் ஒன், எக்ஸ் டூ, எக்ஸ் டூ புதுசு, எக்ஸ் டூ புதுசு ஃபைனல்". கலாமணி பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "இதுக்குங்களா உங்களுக்குச் சம்பளம் குடுத்தாங்க?" என்றாள்.

ஒன்று புரிகிறது. கண் ஏமாற்றும். தெரிந்த வரிபோல் இருந்தால் தாண்டிக் குதித்துப் போய்விடும். காது அப்படித் தாண்ட முடியாது, ஒவ்வொரு வரியையும் அது கடந்துதான் ஆக வேண்டும். முப்பது வருடமாக எல்லாவற்றையும் படிக்கிற ஆள் என்று பேர் வாங்கியிருக்கிறேன். எவ்வளவு படித்தேனோ தெரியவில்லை.

நவம்பர் 22, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் பழக்கத்துக்காக ஏதாவது கேட்கலாம் என்று, போன வாரம் ஓகே போட்டேனே, அந்த மாற்றத்தை ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். ஏஐ எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறது என்று ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல பெயர்கள், தேவையான இடத்தில் குறிப்பு, சத்தம் ஏறியும் இறங்கியும் போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில், 'போனை எடுக்காவிட்டால்' என்று ஒரு வரி. உள்ளே போனது, சத்தம் ஏறியது: 'அடுத்த ஆளைக் கூப்பிடு'. அடுத்து, 'பத்து நிமிடம் கழித்து ஃபிரிட்ஜை மறுபடி பார்'. அதற்கு அடுத்த வரியில் எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்கு என்னவோ உறுத்தியது. மறுபடி கேட்டேன். தோசை சுட்டுக்கொண்டிருந்த கலாமணி சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள்.

"ஏனுங், அந்தப் பீப்பி மேல ஏறுச்சு, எறங்கவே இல்லயே?"

அவளுக்குப் புரோகிராம் ஒரு வரி தெரியாது. ஆனால் அவள் கேட்டதுதான் உண்மை. 'மறுபடி பார்' என்ற வரி வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் இறங்கியிருக்க வேண்டும். அது உள்ளேயே நின்றுவிட்டது. அதாவது, போனை யாரும் எடுக்கவில்லை என்றால் மட்டும்தான் ஃபிரிட்ஜை மறுபடி பார்க்கும். யாராவது எடுத்து "சரி சரி" என்று சொல்லி வைத்துவிட்டால், அவர் மறந்துபோனாலும், வேறு வேலையில் மாட்டிக்கொண்டாலும், அப்புறம் யாருமே பார்க்கமாட்டார்கள். இரத்தம் கெட்டுக்கொண்டே கிடக்கும். யாருக்கும் போன் போகாது.

சோதனையில் ஏன் அகப்படவில்லை என்று அதையும் ஓடவிட்டுக் கேட்டேன். போனை எடுக்காத ஆளை வைத்தே எல்லாச் சோதனையையும் ஏஐ எழுதியிருக்கிறது.

இத்தனை பேர் கண்ணுக்குத் தப்பியது எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்டிருக்கிறது. பயமாக இருக்கிறது, அதே நேரத்தில் அப்படி ஒரு ஆச்சரியம். இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

தோசை கருகிப்போனது. நாளை மறுநாள் திங்கட்கிழமை.

நவம்பர் 23, ஞாயிறு

விடிந்ததிலிருந்து இரண்டு வழியையும் யோசித்துப் பார்த்தேன். "இன்னொரு தடவை படிச்சேன், ஒரு தப்பு அகப்பட்டுச்சு" என்று ஒரு வரி போட்டால் போதும். திருத்திவிடுவார்கள். சாருக்குக் கழுகுக் கண் என்றுகூடச் சொல்வார்கள். என் விஷயம் யாருக்கும் தெரியவேண்டியதில்லை. டைப் அடித்தும் வைத்துவிட்டேன்.

ஆனால் அடுத்த வாரம் இன்னொன்று வரும். நான் ஓகே போடுவேன், என் ஓகேயைப் பார்த்து இன்னொருவர் போடுவார். சொன்னால் வேலை போகலாம். இப்போதைய நிலைமையில் ஆளைக் குறைக்கக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள், ஐம்பத்தாறு வயது வேறு. கலாமணியிடம் கேட்டேன். "இதை என்னையக் கேக்காதீங்க" என்று துணி காயப்போடப் போய்விட்டாள்.

மத்தியானம் திவ்யபாரதிக்குப் போன் போட்டேன்.

"அம்மணி, நாளைக்குப் போறத நிறுத்து."

"ஏன் சார்? நீங்கதானே ஓகே போட்டீங்க?"

"போட்டேன். படிக்கல."

"படிக்கலையா? நீங்களா? ஏன் சார்?"

"எனக்குக் கண்ணு தெரியல அம்மணி. கொஞ்ச நாளாவே தெரியல. இனி தெரியாது."

அந்தப் பக்கம் குழந்தை ஒன்று தூரத்தில் சிணுங்கியது, அவளுடைய பெண்ணாக இருக்கும். பிறகு, "நான் நிறுத்திடறேன் சார். நாளைக்கு வாங்க, பேசலாம்" என்று வைத்துவிட்டாள். குரலில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நவம்பர் 24, திங்கள்

டீம் மொத்தத்தையும் ஒரு அறையில் உட்கார வைத்தாள் திவ்யபாரதி. நான் ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். உள்ளே போனால் சத்தம் ஏறும் என்பதை மட்டும் முதலில் சொன்னேன். அந்த இடம் வந்ததும் யாரோ "ஏ!" என்றான். மறுபடி ஓடவிடச் சொன்னார்கள். மூன்றாவது தடவை எல்லாருமே அந்த வரிக்காகக் காத்திருந்தார்கள், அது இறங்காமல் நின்றதும் நாலைந்து குரல் சேர்ந்து "இங்கதான்!" என்றது.

"ரெண்டாவது ஓகே என்னோடது சார்" என்றாள் திவ்யபாரதி. "நீங்க பார்த்துட்டீங்கன்னு நான் பார்க்கல."

எழுதியதும் ஆள் இல்லை, சோதித்ததும் ஆள் இல்லை, படித்ததும் ஆள் இல்லை. ஆனாலும் மூன்று இடத்தில் சரி என்று விழுந்திருக்கிறது. ஏஐயைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அது சொன்னதைச் செய்தது, ஒரு வரி தப்பாகப் போட்டது, நானும் ஆயிரம் போட்டிருக்கிறேன். படிப்பதற்குத்தான் எங்களை வைத்திருந்தார்கள்.

மற்றவர்கள் போன பிறகு அவள் என்னிடம், "சார், உங்க ஓகே போடற உரிமையை இப்போதைக்கு எடுத்துடறேன். தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள். நினைத்துக்கொள்ளவில்லை என்றேன். பொய். நெஞ்சில் மிதித்ததுபோல் இருந்தது. வேலையைப் பற்றி மேலே கேட்டுத்தான் சொல்வார்களாம்.

நவம்பர் 28, வெள்ளி

ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கேட்டார்கள், கொடுத்தேன். பதில் இல்லை. ஆபீஸில் என்னிடம் எல்லாரும் மெதுவாக, சத்தமாகப் பேசுகிறார்கள். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது என்று இன்று ஒருவனைக் கடிந்துகொண்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

"மத்தவங்க எழுதுனதையே எத்தனை நாள் கேட்டுட்டு இருப்பீங்க? நீங்களா ஒண்ணு எழுதுங்க சார்" என்றாள் ஜெசிந்தா போனில். திருத்திய மாற்றத்துக்குச் சோதனை எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் எழுதுகிறேன் என்றேன். போனை எடுத்து, "சரி" என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே செய்யாமல் இருக்கும் ஒரு ஆளை உருவாக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களை எனக்கு நிறையத் தெரியும்.

திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். விரல்களுக்கு எழுத்துக்கள் இருக்கும் இடம் எல்லாம் தெரியும், அவை என் கண்ணை நம்பி இருந்ததே இல்லை. ஒரு வரி அடித்தேன், காதில் திருப்பிச் சொன்னது. உள்ளே போனேன், சத்தம் ஏறியது. இன்னும் உள்ளே போனேன். எத்தனை வருடமாகச் செய்கிற வேலை! முதல் புரோகிராம் ஓடிய அன்றைக்குச் சைக்கிளை மறந்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போன பையன் நான். இன்றைக்கும் அதே மாதிரிதான் இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

சாயங்காலம் ஓட்டினேன். சும்மா இருக்கிற ஆளுக்கு மறுபடி போன் போனது. "பாஸ்" என்றது காதுக்குள்.

டிசம்பர் 5, வெள்ளி

திருத்திய மாற்றம் எல்லா ஊர்களுக்கும் போய்விட்டது. என் வேலை பற்றிய பதில்தான் இன்னும் வரவில்லை.

டிசம்பர் 10, புதன்

ஊரெல்லாம் மழை. ஆபீஸில் திவ்யபாரதி என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சார், ஒண்ணு கேளுங்க" என்று ஹெட்ஃபோனைக் கொடுத்தாள்.

மலைப் பக்கம் ஒரு சின்ன ஊர். நேற்று மத்தியானம் கரண்ட் போயிருக்கிறது, ஜெனரேட்டரும் மக்கர் செய்திருக்கிறது. அந்த ஊர் இரத்த வங்கி ஊழியருக்கு எங்கள் புரோகிராம் போன் போட்ட பதிவுகள். முதல் போனில், "சரி சரி, பாக்கறேன்" என்று வாய் நிறையச் சோற்றோடு ஒரு குரல். வைத்துவிட்டார். பத்து நிமிடம் கழித்து இரண்டாவது போன். "அட, பாக்கறேன்னு சொன்னனல்ல!" மறுபடி வைத்துவிட்டார். மூன்றாவது போனில் ஓடுகிற சத்தம், மழைச் சத்தம், மூச்சிரைப்பு. "வர்றேன்யா வர்றேன், உயிர எடுக்காத! செருப்பு மாட்ட வுடு! வந்துட்டேன்!" பிறகு ஏதோ கதவு திறக்கும் சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு, வேறு மாதிரியான குரலில், "ஐயோ" என்றார். பிறகு யாரையோ ஐஸ் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். அதோடு பதிவு முடிந்தது.

"ஒரு பாக்கெட்கூட கெடல சார்" என்றாள் திவ்யபாரதி.

அந்த ஆளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் ஒருவன் இருப்பது அவருக்கும் தெரியாது. ஒரு மெஷின் தன் உயிரை எடுக்கிறது என்று திட்டிக்கொண்டே மழையில் ஓடியிருக்கிறார். மறுபடி ஒருமுறை போடச் சொன்னேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

டிசம்பர் 12, வெள்ளி

காலையில் மேலிடத்திலிருந்து மெயில் வந்தது. ஸ்கிரீன் ரீடர் நிதானமாக, ஒரு உணர்ச்சியும் இல்லாமல் படித்தது: வேலையில் தொடரலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்களாம். பார்க்கட்டும். ஓகே போடும் உரிமையையும் திவ்யபாரதி திருப்பிக் கொடுத்துவிட்டாள். டீமில் இனி யார் ஓகே போட்டாலும், என்ன படித்தார் என்று கூடவே நாலு வரி எழுத வேண்டும் என்று விதியும் போட்டிருக்கிறாள். எல்லாரும் முணுமுணுக்கிறார்கள்.

கையோடு அவளே உட்கார்ந்து கைப்பட எழுதிய ஒரு மாற்றத்தை எனக்கு அனுப்பினாள். இருபது வரிதான் இருக்கும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டேன். ஏறியது, இறங்கியது, ஏறியது. மறுபடி கேட்டேன். என் முதுகுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருப்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

"என்ன சார், ஓகேயா?"

"இல்ல அம்மணி. பன்னெண்டாவது வரி தப்பு. திருத்திட்டு அனுப்பு."